வானில் தெரிந்தவை, மண்ணில் செய்தவை

பறக்கும் தட்டு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அதை நம்புகிறவர்கள் முன்வைக்கும் வாதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பார்த்தவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர்; விமானிகள், ராணுவ அதிகாரிகள், போலீஸ்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்த பொருள், மனிதன் செய்த எந்த எந்திரமும் எட்ட முடியாத உயரத்தில், முடியாத வேகத்தில் போயிருக்கிறது. அமெரிக்க அரசோ இதைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கிறது, கோப்புகளைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆகவே வந்தது வேற்றுக்கிரக வாகனம். யூடியூப் சேனல்கள் முதல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணை வரை இன்று செல்வாக்கோடு உலவுவது இந்தக் கருத்துதான்.

இதில் அரசு பொய் சொன்னது உண்மை. கோப்புகளைப் பூட்டி வைத்ததும் உண்மை. அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்டபோது உள்ளே என்ன இருந்தது என்பதைத்தான் நம்புகிறவர்கள் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். பாலித்தீன் பலூன் இருந்தது, உளவு விமானம் இருந்தது, ராக்கெட் இருந்தது. எல்லாமே பொறியாளர்கள் வரைந்து, தொழிலாளர்கள் ரிவெட் அடித்து, விமானிகள் உயிரைப் பணயம் வைத்துப் பறக்கவிட்டவை.

1948 ஜனவரி 7ஆம் தேதி பிற்பகல். கென்டக்கி மாநிலத்தின் காட்மன் விமானத் தளத்தில், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்கள் வானில் வெள்ளையாக, வட்டமாக ஒரு பொருளைப் பார்த்தார்கள். தளத்தின் தலைமை அதிகாரியே பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் பிடிபடவில்லை. அந்த நேரம் அவ்வழியே போய்க்கொண்டிருந்த எஃப்-51 மஸ்டாங் விமானங்களைக் கூப்பிட்டு, கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கச் சொன்னார்கள். அவற்றுக்குத் தலைமை தாங்கி வந்தவர் கேப்டன் தாமஸ் மாண்டெல். வயது 25. நார்மண்டிப் படையிறக்கத்தில் பறந்த அனுபவம் உள்ளவர். அந்தப் பொருள் உலோகம்போலத் தெரிகிறது, மிகப் பெரியதாக இருக்கிறது என்று ரேடியோவில் சொன்னபடியே மேலே ஏறினார். கூட வந்தவர்கள் 22,000 அடியைத் தாண்டியதும் ஆக்சிஜன் போதாமல் திரும்பிவிட்டார்கள். மாண்டெல் திரும்பவில்லை. 25,000 அடிக்கு மேல் எங்கோ அவருக்கு நினைவு தப்பியிருக்க வேண்டும். ஃபிராங்க்ளின் என்ற ஊருக்கு அருகே, ஒரு பண்ணை நிலத்தில் விமானம் விழுந்து நொறுங்கியது.

அவர் துரத்தியது வெள்ளிக்கிரகம் என்று விமானப்படை முதலில் சொன்னது. போரில் பறந்த ஒரு விமானி பட்டப்பகலில் வெள்ளிக்கிரகத்தைத் துரத்திக்கொண்டு போய்ச் செத்தார் என்று சொன்னால் எவர் நம்புவார்? மக்கள் நம்பவில்லை. நம்பாதது நியாயம். வேற்றுக்கிரக வாகனம் அவரைச் சுட்டு வீழ்த்தியது என்ற கதை அந்த இடைவெளியில்தான் முளைத்தது.

இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் ஸ்கைஹுக் பலூன். அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சி அலுவலகத்துக்காக ஜெனரல் மில்ஸ் நிறுவனம் செய்து கொடுத்தது. மாவும் காலை உணவுத் தானியமும் விற்கிற அதே ஜெனரல் மில்ஸ்தான். மெல்லிய பாலித்தீன் தாளை ஒட்டிச் செய்த அந்தப் பலூன் முழுதாக விரிந்தால் 100 அடி விட்டம் இருக்கும். ஏறக்குறைய 1,00,000 அடி உயரம் வரை போகும். வெயில் பட்டால் உலோகம்போலப் பளபளக்கும். முந்தின நாள்தான் மினசோட்டா மாநிலத்திலிருந்து அப்படியொரு பலூனை விட்டிருந்தார்கள். மாண்டெல் எவ்வளவு ஏறினாலும் அது இன்னும் பல்லாயிரம் அடி மேலேதான் இருந்திருக்கும். எட்டவே முடியாத ஒன்றைத் துரத்துகிறோம் என்று அவருக்குத் தெரியாது. கோபுரத்தில் இருந்தவர்களுக்கும் தெரியாது. ஸ்கைஹுக் கடற்படையின் ரகசியம். விமானப்படைக்காரனுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த ஒரு தகவல் கோபுரத்துக்குப் போயிருந்தால் அந்த இளைஞர் அன்று மாலை வீடு திரும்பியிருக்கலாம்.

மாண்டெல் பொய் சொல்லவில்லை. மனப்பிரமையும் இல்லை. அவர் கண்டது இருந்தது, பெரியதாகவும் இருந்தது, வெயிலில் பளபளக்கவும் செய்தது. நம்புகிறவர்கள் அவருடைய சாட்சியத்தை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டு, அதன் பொருளை அவரிடமிருந்து பறித்து வேறொரு கதைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

தட்டு விழுந்ததாகச் சொல்லப்படும் ராஸ்வெல் கதையும் இதே கிளைதான், ஆனால் அதைச் சுற்றி வளர்ந்த காடு பெரியது. 1947 ஜூலையில் நியூ மெக்சிகோ பண்ணையில் கிடந்த மெல்லிய குச்சிகளும் வெள்ளி நிறத் தாளும் ரப்பர்த் துண்டுகளும் மோகல் என்ற திட்டத்தின் பலூன் தொடரிலிருந்து விழுந்தவை. சோவியத் யூனியன் அணுகுண்டு சோதித்தால் அதன் ஓசை மேல் வளிமண்டலத்தில் வெகுதூரம் பரவும், மைக்ரோஃபோன் கட்டிய பலூன்களால் அதைப் பிடிக்கலாம் என்பது திட்டம். நியூயார்க் பல்கலைக்கழகக் குழு ஆலமகார்டோவிலிருந்து அவற்றைப் பறக்கவிட்டது. பலூனில் தொங்கிய ராடார் பிரதிபலிப்பான்கள் பால்சா மரக் குச்சியாலும் உலோகப் பூச்சுத் தாளாலும் ஆனவை. பூப்படம் அச்சிட்ட நாடாவால் ஒட்டப்பட்டவை. சிதைவில் விசித்திர எழுத்து இருந்தது என்று பின்னாளில் பரவிய கதைக்கு மூலம் அந்தப் பூ நாடா. 1994இல் அமெரிக்க விமானப்படை இதையெல்லாம் விரிவான அறிக்கையாக வெளியிட்டது. அதற்குள் 47 வருடம் ஓடியிருந்தது. இவ்வளவு தாமதமாக வந்த உண்மைக்கு மரியாதை கிடைக்கவில்லை என்றால் அதில் விமானப்படைக்கும் பங்கு உண்டு.

1955 ஆகஸ்டில் நெவாடா பாலைவனத்தின் குரூம் ஏரித் தளத்தில் சி.ஐ.ஏ.வின் யு-2 உளவு விமானம் முதன்முதலாகப் பறந்தது. அந்தக் காலத்தில் பயணிகள் விமானங்கள் 10,000 முதல் 20,000 அடி உயரத்தில்தான் போய்க்கொண்டிருந்தன. பி-47 போன்ற குண்டுவீச்சு விமானங்களே 40,000 அடிக்குக் கீழேதான். யு-2 போனது 60,000 அடிக்கு மேலே. அந்த உயரத்தில் ஆள் உட்கார்ந்து ஓட்டும் விமானம் ஒன்று இருக்கிறது என்று அதைச் செய்தவர்களையும் ஓட்டியவர்களையும் தவிர யாருக்கும் தெரியாது.

மாலை நேரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே போகிற ஒரு பயணிகள் விமானத்தின் காக்பிட்டில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். சூரியன் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. சுற்றிலும் இருட்டத் தொடங்கிவிட்டது. 70,000 அடியில் பறப்பவனுக்கு அடிவானம் இன்னும் கீழே இருப்பதால், தரையில் பொழுது சாய்ந்து 20 நிமிடம் ஆன பிறகும் அவன் மேல் வெயில் அடிக்கிறது. ஆரம்ப கால யு-2 வெள்ளி நிறம். கறுப்பு வண்ணம் பின்னால்தான் வந்தது. நீண்ட அதன் இறக்கைகளில் பட்ட செவ்வொளி கீழே இருட்டில் இருக்கிற விமானியின் கண்ணுக்கு நெருப்புத் துண்டுபோலத் தெரியும். சத்தமில்லை. ராடார் கட்டுப்பாட்டாளரைக் கேட்டால் அங்கே எந்த விமானமும் இல்லை என்பார். அந்த விமானி தரையிறங்கியதும் என்ன எழுதிக் கொடுப்பார்?

எழுதிக் கொடுத்தார்கள். பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்த விமானப்படையின் புளூ புக் அலுவலகத்துக்கு அவை போயின. அங்கிருந்த அதிகாரிகள் வாஷிங்டனில் யு-2 திட்ட அலுவலகத்தைக் கூப்பிட்டு, அன்று அந்த நேரத்தில் நம் விமானம் அங்கே போனதா என்று கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்கள். பதில் கிடைத்தது. ஆனால் புகார் கொடுத்தவரிடம் அதைச் சொல்ல முடியாது. பனித்துகள், வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். சி.ஐ.ஏ.வின் வரலாற்றாசிரியர் ஜெரால்டு ஹெய்ன்ஸ் 1997இல் வெளியிட்ட கட்டுரையில் இது பதிவாகியிருக்கிறது. சரியாகப் பார்த்தவரிடம் நீ தப்பாகப் பார்த்தாய் என்று ஒரு அரசே சொல்லியிருக்கிறது. இதைவிடப் பெரிய அவமதிப்பு ஒரு சாட்சிக்கு வேறு இல்லை.

இங்கே இன்னொரு விஷயத்தையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். 1950களின் பிற்பகுதியிலும் 60களிலும் வந்த பறக்கும் தட்டுப் புகார்களில் பாதிக்கு மேல் நம் உளவு விமானங்கள்தான் என்று சி.ஐ.ஏ. உரிமை கொண்டாடுவது ஏற்கத்தக்கதாக இல்லை. புளூ புக் கணக்குப்படியே மிக அதிகப் புகார் வந்த ஆண்டு 1952. அந்த ஒரே வருடத்தில் 1,501. யு-2 பறப்பதற்கு அது மூன்று வருடம் முந்தையது. யு-2 பறந்த 1955இல் வந்த புகார் 545. 1957இல் மறுபடி ஆயிரத்தைத் தாண்டியபோது வானில் ஸ்புட்னிக் சுற்றிக்கொண்டிருந்தது, எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகார்களில் பெரும்பகுதி நட்சத்திரம், கோள், சாதாரண விமானம், வானிலை பலூன். யு-2வுக்கு உரியது ஒரு பங்குதான். எல்லாவற்றையும் ஒரே சாவியால் திறக்க முயல்வது நம்புகிறவர்கள் செய்யும் பிழை. அதை மறுப்பவர்களும் செய்யக் கூடாது.

பறக்கும் தட்டை மனிதனே செய்தான், ஆகவே பார்த்ததெல்லாம் ரகசியத் தட்டு விமானம் என்பாரும் உண்டு. ஹிட்லரின் விஞ்ஞானிகள் தட்டு கட்டினார்கள் என்ற கதை 1950 வாக்கில் ஐரோப்பியப் பத்திரிகைகளில் புறப்பட்டு இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆதாரம் என்று ஒரு ரிவெட்கூட யாரும் காட்டியதில்லை. உண்மையிலேயே கட்டப்பட்ட தட்டு ஒன்று இருக்கிறது. அதன் கதை இந்த வாதத்துக்கு எதிராகத்தான் போகிறது.

கனடாவில் டொரான்டோவை ஒட்டிய மால்டனில், அவ்ரோ நிறுவனத்தில் ஜான் ஃபிராஸ்ட் என்ற பொறியாளர் வடிவமைத்தது அவ்ரோகார். அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்தது. 18 அடி விட்டம், அச்சு அசலாகத் தட்டு. நடுவில் ஒரு பெரிய விசிறி. அதைச் சுழற்ற மூன்று ஜெட் எந்திரங்கள். காற்றைத் தட்டின் விளிம்பு வழியாகக் கீழே தள்ளி எழும்ப வேண்டும் என்பது எண்ணம். 1959 நவம்பர் 12ஆம் தேதி கட்டுக்கயிறு இல்லாமல் முதன்முதலாக எழும்பியது. தரையிலிருந்து மூன்றடி வரை ஒழுங்காக மிதந்தது. அதற்கு மேல் போனால் ஆட ஆரம்பித்துவிடும். விளிம்பு ஒரு பக்கம் தாழ, மறு பக்கம் தூக்க, விமானி நெம்புகோலோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அதிக வேகம் மணிக்கு சுமார் 35 மைல். காக்பிட்டுக்குள் தாங்க முடியாத வெக்கை வேறு. ஒலியைப்போல மூன்று நான்கு மடங்கு வேகத்தில் போகிற தட்டு ஒன்றுக்கும் இதே குழு வரைபடம் போட்டிருந்தது. அந்த ஆவணங்கள் 2012இல் வெளிவந்தன. காகிதத்தைத் தாண்டி அது எழவே இல்லை. 1961 டிசம்பரில் திட்டத்தையே மூடினார்கள்.

அவ்ரோகார் சொல்லும் பாடத்தை நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். வட்டத் தட்டு நன்றாகப் பறக்கும் வடிவமே இல்லை. அந்த நாளின் கெட்டிக்காரப் பொறியாளர்கள் பணமும் எந்திரமும் கையில் வைத்துக்கொண்டு முயன்றும் அதை ஆள் உயரத்துக்கு மேல் நிலையாக நிறுத்த முடியவில்லை. அப்படியானால் வானமெங்கும் தட்டுகள் தெரிந்தது எப்படி? பலூன் கீழிருந்து பார்த்தால் தட்டுதான். தொலைவிலுள்ள விமானத்தின் உடலில் வெயில் பட்டுத் தெறித்தால் இறக்கையும் வாலும் மறைந்து ஒரு நீள்வட்டம் மட்டும் கண்ணில் நிற்கும். வடிவம் பார்க்கிற கோணத்திலும் வெளிச்சத்திலும் உருவாகிவிடுகிறது.

ரகசியம் எப்படித் தட்டு விளைவிக்கிறது என்பதைக் காட்ட அமெரிக்காவைவிட நல்ல உதாரணம் சோவியத் யூனியன். 1977 செப்டம்பர் 20ஆம் தேதி விடியற்காலை நான்கு மணி வாக்கில், பெட்ரோசாவோட்ஸ்க் நகர மக்கள் வானில் பிரமாண்டமான ஒளிரும் ஜெல்லிமீன் ஒன்றைப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒளிக்கதிர்கள் மழைபோலக் கீழே இறங்கின. தெருவில் வேலை முடித்து வந்தவர்கள், துறைமுகத் தொழிலாளர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள் என்று எத்தனையோ பேர் சாட்சி. செய்தி உலகமெல்லாம் போனது.

அது கிழக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் பிளெசெட்ஸ்க் தளத்திலிருந்து ஏவப்பட்ட காஸ்மாஸ்-955 உளவுச் செயற்கைக்கோளின் ராக்கெட். விடியலுக்கு முன்னால் தரை இருட்டில் இருக்க, மேலே ஏறிய ராக்கெட்டின் புகையில் சூரிய ஒளி பட்டது. காற்று மிக மெலிந்த அந்த உயரத்தில் புகை குடைபோல விரிந்தது. அவ்வளவுதான் ஜெல்லிமீன். ஆனால் பிளெசெட்ஸ்க் என்ற ஏவுதளம் இருப்பதையே சோவியத் அரசு ஒப்புக்கொள்ளவில்லை; ஒப்புக்கொண்டது 1983இல். இதில் நெஞ்சு பொறுக்காத விஷயம் ஒன்று உண்டு. இங்கிலாந்தில் கெட்டரிங் ஊர்ப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஆசிரியர் ஜெஃப்ரி பெர்ரியோடு சேர்ந்து, செயற்கைக்கோள்களின் ரேடியோ ஒலியைக் கேட்டுக் கணக்குப் போட்டு, 1966இலேயே அந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்க உளவுத்துறைக்கு அது அதற்கும் முன்பே தெரியும். தெரியாமல் வைக்கப்பட்டவர்கள் பெட்ரோசாவோட்ஸ்க் மக்கள் மட்டுமே.

அதற்குப் பத்து வருடம் முன்னால், 1967இல், தெற்கு ரஷ்யாவில் மாலை வானில் பெரும் பிறைகள் பறப்பதாகப் பலரும் சொன்னார்கள். சுற்றுப்பாதையில் போய்க் குண்டு வீசும் ராக்கெட் ஒன்றை அப்போது சோவியத் ராணுவம் சோதித்துக்கொண்டிருந்தது. அது திரும்பி இறங்கும்போது எந்திரம் கக்கிய வாயுதான் பிறையாக விரிந்தது என்று விண்வெளி வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் ஓபெர்க் காட்டினார். அணு ஆயுதம் சுமக்க வேண்டிய ராக்கெட்டின் சோதனை, வேற்றுக்கிரக விருந்தாளியின் வருகையாகப் பேசப்பட்டது. ராணுவத்துக்கு இதைவிட நல்ல திரை எங்கே கிடைக்கும்? 1980களில் ரகசியமாக இருந்த எஃப்-117 விமானத்தை மறைக்க, பறக்கும் தட்டுப் போலிப் படங்களை அமெரிக்க விமானப்படையே நெவாடா பகுதியில் உலவவிட்டதாக 2025 ஜூனில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதியது. வேற்றுக்கிரகவாசிக் கதையை நம்புவது அதிகாரத்தை எதிர்த்து நிற்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் கதை பலமுறை அதிகாரத்துக்குத்தான் உதவியிருக்கிறது.

சரி, விமானிகள்? பயிற்சி பெற்ற கண் தப்பாது என்பது கேட்க நன்றாக இருக்கிறது. புளூ புக் திட்டத்துக்கு இருபது வருடம் ஆலோசகராக இருந்து, பின்னாளில் பறக்கும் தட்டு ஆய்வின் பெரிய ஆதரவாளராக மாறிய வானியலாளர் ஆலன் ஹைனெக்கே, விமானிகள் மற்றவர்களைவிட மோசமான சாட்சிகள் என்று எழுதியிருக்கிறார். காரணம் கண் குறைபாடு இல்லை. எதிரே ஒரு ஒளி திடீரென்று தெரிந்தால் விமானியின் முதல் கடமை மோதாமல் தப்பிப்பது. எரிகல் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தாலும் அது தன்னை நோக்கி வருவதாக எடுத்துக்கொண்டுதான் அவர் விமானத்தைத் திருப்புவார். திருப்பத்தான் வேண்டும். உயிர் காக்கும் அந்தப் பழக்கம் தூரத்தை அளக்க உதவாது.

யு-2வை வடிவமைத்த கெல்லி ஜான்சனைவிட விமானம் அறிந்தவர் உலகில் எத்தனை பேர்? அவரே 1953 டிசம்பரில் கலிபோர்னியா கடலோர வானில் இறக்கை வடிவில் ஒரு கரிய பொருளைப் பைனாகுலரில் பார்த்து, தட்டு என்று நம்பி விமானப்படைக்கு எழுதினார். வில்லை வடிவ மேகம் என்று விமானப்படை பதிந்தது. 1968 மார்ச்சில் சோவியத்தின் சோண்ட்-4 ஏவுதலைச் சேர்ந்த ராக்கெட் சிதைவுகள் அமெரிக்க வானில் எரிந்து விழுந்தபோது, வரிசையாகச் சன்னல்கள் வைத்த சுருட்டு வடிவ வாகனம் ஒன்று தலைக்கு மேலே சத்தமில்லாமல் போனதாகச் சிலர் எழுதிக் கொடுத்தார்கள். தனித்தனி நெருப்புத் துண்டுகளுக்கு இடையே இருந்த இருட்டை மனம் வாகனமாக இட்டு நிரப்பிவிட்டது.

வேகத்தின் கதையும் தூரத்தில்தான் முடிகிறது. கண்ணோ கேமராவோ அளப்பது கோணத்தை; பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று தெரியாமல் அதன் அளவையோ வேகத்தையோ சொல்ல வழியில்லை. 2015இல் அமெரிக்கக் கடற்படை விமானம் எடுத்த ‘கோஃபாஸ்ட்’ வீடியோவில் ஒரு வெள்ளைப் புள்ளி கடலின் மேல் பாய்ந்து போவதுபோல இருக்கும். பார்த்தவர்கள் பலர் ஒலியை மிஞ்சிய வேகம் என்றார்கள். திரையிலேயே எண்கள் இருக்கின்றன: விமானத்தின் உயரம் 25,000 அடி, கேமரா சாய்ந்த கோணம், பொருளுக்கான தூரம். நாசா அமைத்த குழு 2023இல் அந்த எண்களை வைத்து முக்கோணவியல் கணக்குப் போட்டது. பொருள் கடலை ஒட்டி இல்லை, 13,000 அடி உயரத்தில் இருந்தது. அதன் வேகம் மணிக்கு சுமார் 40 மைல். அந்த உயரத்தில் காற்று அடிக்கிற வேகம்தான். ரயில் சன்னல் வழியாகப் பார்க்கிறவனுக்குத் தண்டவாளத்தோரக் கம்பம் பின்னோக்கி ஓடுவதுபோல, விரைந்து போன விமானத்தின் வேகம் மிதந்துகொண்டிருந்த பொருள் மேல் ஏறிவிட்டது.

1997 மார்ச் 13ஆம் தேதி இரவு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் ஆயிரக்கணக்கானோர் பார்த்த விளக்குகள் இன்றைக்கும் நம்புகிறவர்களின் பெரிய ஆயுதம். அன்று இரவு நடந்தவை இரண்டு நிகழ்ச்சிகள். எட்டு மணியை ஒட்டி, ‘V’ வடிவில் விளக்குகள் வரிசையாக நகரத்தைக் கடந்து போயின. நட்சத்திரங்களை மறைக்கும் ஒரே பிரமாண்ட வாகனம் என்றார்கள். வீட்டு முற்றத்தில் தொலைநோக்கி வைத்திருந்த ஓர் இளைஞர் அதை அந்த விளக்குகள் மேல் திருப்பினார். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த ஒவ்வொரு விளக்கும் தொலைநோக்கியில் இரண்டாகப் பிரிந்தது. பக்கத்தில் இறக்கை தெரிந்தது. விமானங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வேறு பக்கம் திருப்பிவிட்டார். பத்து மணிக்கு வந்த இரண்டாவது விளக்கு வரிசை, மேரிலாண்ட் தேசியக் காவல் படையின் ஏ-10 விமானங்கள் பயிற்சிக்காகப் பாராசூட்டில் இறக்கிய தீப்பந்தங்கள். வீடியோவை மலைத்தொடரின் பகல் படத்தோடு பொருத்திப் பார்த்தால், ஒவ்வொன்றும் எஸ்ட்ரெல்லா மலையின் முகட்டுக்குப் பின்னால் இறங்கும் இடத்தில்தான் அணைகிறது. ராணுவம் இதைச் சொல்ல மாதங்கள் பிடித்தன. அதற்குள் மாநில ஆளுநர் பத்திரிகையாளர் கூட்டத்தில் தன் உதவியாளருக்கு வேற்றுக்கிரகவாசி வேடம் போட்டுக் கூட்டிவந்து மக்களைக் கேலி செய்தார். பதில் கேட்டு வந்தவர்களுக்குக் கிடைத்தது அது.

எல்லாவற்றையும் விளக்கிவிட முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. புளூ புக் பார்த்த 12,618 புகார்களில் 701 அடையாளம் காணப்படாமல் நின்றன. 2004இல் அமெரிக்கக் கடற்படையின் நிமிட்ஸ் கப்பல் விமானிகள் வானில் கண்டதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றும் இல்லை. ஆனால் அடையாளம் தெரியாத பொருளுக்கு முகவரி எழுத எவருக்கும் உரிமை இல்லை. ராடார் பதிவு கிடைக்கவில்லை, நேரம் சரியாகத் தெரியவில்லை, ஒரே ஒரு சாட்சிதான் என்பதுபோலத் தகவல் குறைந்த இடத்தில் விடை நின்றுபோகிறது. தகவல் கூடக்கூட வேற்றுக்கிரக வாகனம் தெளிவாகத் தெரிந்த வழக்கு ஒன்றுகூட இல்லை. பலூனும் விமானமும் ராக்கெட்டும் தெரிந்த வழக்குகள் ஏராளம். 2024 மார்ச்சில் பென்டகனின் ஆய்வு அலுவலகம் 1945 முதல் நடந்த அரசு விசாரணைகளையெல்லாம் புரட்டிப் பார்த்து வெளியிட்ட அறிக்கையும் இதையே சொல்கிறது. அந்த அலுவலகத்தின் பேச்சை மட்டும் வைத்து நம்ப வேண்டியதில்லை. மேலே சொன்ன மோகலும் யு-2வும் பிளெசெட்ஸ்கும் எவரும் படித்துச் சரிபார்க்கக்கூடிய ஆவணங்கள்.

இந்தியாவிலும் இது வேறு மாதிரி இல்லை. 2012இல் லடாக் எல்லையில் நம் ராணுவம் மாதக்கணக்கில் குறிப்பெடுத்த மர்ம ஒளிகள் வியாழனும் வெள்ளியும் என்று பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவன விஞ்ஞானிகள் கண்டு சொன்னார்கள். எதிரி டிரோன் என்று சந்தேகித்தவர்கள் எல்லைக் காவலர்கள். அவர்களுடைய எச்சரிக்கையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் பலூன் தளம் இருக்கிறது. ஸ்கைஹுக் வம்சத்துப் பாலித்தீன் பலூன்களை அங்கிருந்து பல பத்தாண்டுகளாக விட்டுவருகிறார்கள். 2022 டிசம்பரில் அங்கிருந்து போன ஒரு ஸ்பெயின் நிறுவனத்தின் விண்வெளிச் சுற்றுலாச் சோதனைக் கூண்டு விகாராபாத் மாவட்ட வயலில் இறங்கியபோது, ஊரே கூடிப் பறக்கும் தட்டு என்று செல்போனில் படம் பிடித்தது. கிராம மக்கள் என்ன செய்வார்கள்? வயலில் அப்படியொன்று வந்து விழுந்தால் எவரும் அப்படித்தான் நினைப்பார்.

அடுத்த வாரமே, டிசம்பர் 15ஆம் தேதி மாலை, மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் வானில் கூம்பாக ஓர் ஒளி எழுந்து போனது. சமூக ஊடகங்கள் அதை நொடியில் வேற்றுக்கிரகத்துக்கு அனுப்பிவிட்டன. ஒடிசா கடலோரத்தில் அப்துல் கலாம் தீவிலிருந்து அன்று ஏவப்பட்டது அக்னி-5 ஏவுகணை. பொழுது சாய்ந்த நேரம். மேலே புகையில் வெயில். 1977இல் பெட்ரோசாவோட்ஸ்க் நகரத்தார் பார்த்த அதே காட்சி, ஒரே ஒரு வித்தியாசத்தோடு. வங்காள விரிகுடாவின் மேல் விமானங்கள் பறக்க வேண்டாம் என்று விமானிகளுக்கான அறிவிப்பு முன்கூட்டியே வெளியாகியிருந்தது. தேதியும் எல்லையும் போட்ட அந்த அறிவிப்பை இணையத்தில் எவரும் படித்திருக்கலாம்.